பாகத்தை மாற்றும் முன் சத்தத்தைக் கேளுங்கள்

ஜாசின் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்குக் கார் ஆடம்பரப் பொருள் அல்ல. வேலை, பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் அதுதான் கால். தோட்டத்துச் செம்மண் பாதையும் பட்டணத்து வேகத்தடைகளும் அந்தக் காரைத் தினமும் பதம் பார்க்கின்றன.

எங்கள் வீட்டுப் பழைய மைவியும் தப்பவில்லை. சிறு பள்ளத்தில் இறங்கினாலும் பின்னால் ‘டொக் டொக்’ என்று சத்தம். குலுக்கலில் பாட்டிக்கு இடுப்பு வலி. ஒரு பட்டறையில், காரை ஓட்டிப் பார்க்காமலே, “எப்சோபர் போய்விட்டது” என்றார்கள். இரண்டையும் மாற்ற 300 வெள்ளிக்கு மேல் செலவானது. தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாவுக்கு அது ஏறக்குறைய ஒரு வாரச் சம்பளம். ஆனால், சத்தம் அப்படியே இருந்தது.

விடுமுறையில் வீடு திரும்பிய நான் காரை வேறொரு பட்டறைக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த பெரியவர் என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, பின்னிருக்கையில் அமர்ந்து காது கொடுத்துக் கேட்டார். பிறகு ஜாக், உதிரி டயர் ஆடுகின்றனவா என்று பார்த்தார். டயர் காற்றை அளந்தார். காரில் ஒட்டியிருந்த அளவைவிட மிக அதிகம். காரின் பின்மூலையை அழுத்தி விட்டார். ஒருமுறை எழும்பி நின்றது. எப்சோபரில் எண்ணெய்க் கசிவும் இல்லை. காரை உயர்த்தி, இரும்புக் கம்பியால் புஷ்களை நெம்பிப் பார்த்தார். அவையும் நன்றாகவே இருந்தன. கடைசியில் எப்சோபரின் மேல்முனையைக் கழற்றினார். புது எப்சோபருக்குத் தேய்ந்துபோன பழைய ரப்பரையே மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்பு இரும்பில் மோதியிருக்கிறது.

“தம்பி, குலுக்கல் வேற, சத்தம் வேற. ரெண்டையும் ஒண்ணா நினைச்சா காசுதான் போகும்,” என்றார். காற்றைக் குறைத்ததும் குலுக்கல் தணிந்தது. ரப்பரை மாற்றியதும் சத்தம் நின்றது. முதலில் செலவழித்ததில் சிறு பங்குகூட ஆகவில்லை.

முதல் பட்டறையினர் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் ஊகித்தார்கள், இவர் சோதித்தார். வேறுபாடு அவ்வளவுதான்.

இதில் புரியாத அறிவியல் எதுவும் இல்லை. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. எப்சோபர் உள்ளிருக்கும் எண்ணெயின் தடையால் துள்ளலை அடக்குகிறது. ரப்பர் அதிர்வை உள்வாங்குகிறது. படிவம் 4 இயற்பியலில் ‘அலைவுத் தணிப்பு’ என்று நாம் படிப்பதும் இதைத்தான். தேர்வுத் தாளில் எழுதிய நானே, வீட்டுக் காரில் அதை அடையாளம் காணவில்லை.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை பெற்றோருடன் பட்டறைக்குச் சென்றால் மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள்: ஓட்டிப் பார்த்தீர்களா? இந்தப் பாகம்தான் பழுது என்று எப்படித் தெரிந்தது? கழற்றியதைக் காட்ட முடியுமா? ஆனால், ஜாக்கை மட்டும் நம்பி நீங்களே காருக்கு அடியில் புகுந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. தொழில்திறன் கல்வியைப் ‘படிப்பு வராதவர்களுக்கு’ என்று ஒதுக்கும் பேச்சு நம்மிடையே இன்னும் உண்டு. எளிய காரணத்தை முதலில் சோதித்து, ஒவ்வொன்றாக நீக்கி, சான்றோடு முடிவுக்கு வருவதைத்தான் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கற்பிக்கிறார்கள். அந்தப் பெரியவர் அதைக் கிரீஸ் படிந்த கையோடு செய்து காட்டினார். எஸ்.பி.எம். முடித்து அந்தத் துறைக்குப் போக விரும்பும் தம்பி, தங்கைகளைத் தயவுசெய்து தடுக்காதீர்கள்.