தோட்டம் வேணும், தோட்டக்காரர் வேண்டாமா?

1/ கிட்னி மாற்று ஆபரேஷன் முடிஞ்சதும் உறவினர்கள் கேட்கிற முதல் கேள்வி: "உடம்பு ஏத்துக்குமா டாக்டர்?" ஒரு ஊர்க் கலையை இன்னொரு ஊரில் நட்டாலும் இதே கேள்விதான். ஜப்பானியத் தோட்டங்களை வைத்துப் பார்ப்போம். சின்ன த்ரெட்.

2/ ஜப்பானியத் தோட்டக்கலையில் "ஷக்கெய்" என்று ஒரு உத்தி உண்டு. கடன் வாங்கிய காட்சி என்று பொருள். வேலிக்கு வெளியே தெரியும் மலை, மரம் எல்லாவற்றையும் தோட்டத்தின் பகுதியாகவே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

3/ அமெரிக்காவின் போர்ட்லேண்டில் பேராசிரியர் தகுமா தோனோ வடிவமைத்த தோட்டம் 1967-ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து பார்த்தால் தெரிவது ஃபுஜி இல்லை, மவுண்ட் ஹூட். பின்னணியில் நிற்பது அந்த மண்ணின் டக்ளஸ் ஃபிர் மரங்கள். "அப்போ இது ஒரிஜினல் இல்லையே" என்பீர்கள். கண்ணுக்கு எட்டுவதைச் சேர்த்துக்கொள் என்பதுதானே ஷக்கெய்? மலை மாறுச்சு, விதி மாறல.

4/ அடுத்தது சான் பிரான்சிஸ்கோ. 1894 கண்காட்சிக்காக கோல்டன் கேட் பூங்காவில் ஒரு ஜப்பானிய கிராமம் அமைத்தார்கள். கண்காட்சி முடிந்ததும் அதை நிரந்தரத் தோட்டமாக வளர்த்தவர் மகோதோ ஹகிவாரா. குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்தார். 1925-ல் அவர் இறந்த பிறகும் குடும்பம்தான் பார்த்துக்கொண்டது.

5/ சீட்டு வைத்த ஃபார்ச்சூன் குக்கீ தெரியுமில்லையா? அமெரிக்காவில் அதை முதலில் பரிமாறிய இடங்களில் இந்தத் தோட்டமும் ஒன்று என்கிறார்கள். அதன் பூர்வீகம் கியோட்டோ பக்கம். அங்கே எள், மிசோ. இங்கே வெண்ணெய், வெனிலா. இப்போ உலகமே அதைச் சீனப் பண்டம்னு நினைக்குது!

6/ இதுவரை எல்லாம் சுகம். 1941-ல் பேர்ல் ஹார்பர் தாக்குதல். 1942-ல் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தார்கள். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். ஹகிவாரா குடும்பமும் வெளியேற்றப்பட்டது. தோட்டத்துக்கு "ஓரியண்டல் டீ கார்டன்" என்று பெயர் மாற்றினார்கள். பழைய பெயர் 1952-ல் திரும்பி வந்தது. குடும்பம் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

7/ ஆக, அந்த ஊர் தோட்டத்தை ஏத்துக்கிச்சு, அதை வளர்த்த மனுஷங்களைத்தான் துரத்திச்சு. எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாத நிராகரிப்பு இது.

8/ என் கருத்து இதுதான். செடி மாறலாம், சுவை மாறலாம். அது உயிரோட இருப்பதன் அடையாளம். ஒரு கலாச்சாரத்தை மதிக்கிறோமா என்பதைக் கூழாங்கல்லும் போன்சாயும் சொல்லாது. அதைக் கொண்டு வந்தவரை நெருக்கடி நேரத்தில் எப்படி நடத்தினோம் என்பதுதான் சொல்லும்.