டு லெட் - நோயாளிகளுக்கு இல்லை

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு எந்தப் பக்கம் நடந்தாலும் 'டு லெட்' போர்டு கண்ணில் படும். கேட்டில் நூல் கட்டித் தொங்கும் அட்டை, கரண்ட் கம்பத்தில் ஒட்டிய பேப்பர், புரோக்கரின் செல் நம்பர். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறந்ததிலிருந்து இந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கிராக்கி இன்னும் கூடிவிட்டது. போர்டில் 'ஃபேமிலி ஒன்லி' என்று இருக்கும். சிலதில் 'வெஜிடேரியன் ஒன்லி'. பேச்சிலருக்குக் கிடையாது என்பதைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு போட்டே எழுதியிருப்பார்கள்.

போர்டில் எழுதாத வரி ஒன்று உண்டு. வீடு பார்த்து, தண்ணி வசதி கேட்டு, அட்வான்ஸ் பேசி முடிக்கும்போதுதான் அது வெளியே வரும்.

"வீட்ல யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

கேட்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. நல்ல மனுஷராகவே இருக்கலாம், காபி கூடக் கொடுத்திருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் வீடு கிடையாது. "டி.பி.க்கு மாத்திரை சாப்பிடறேங்க", "அம்மாவுக்கு கேன்சர், வலிக்கு மார்ஃபின் கொடுக்கறோம்", "மாசாமாசம் சானடோரியத்துல மருந்து வாங்கணும்". இதில் எதைச் சொன்னாலும் அடுத்த நாள் ஒரு போன் வரும். "தப்பா நினைக்காதீங்க, சொந்தக்காரங்க கேக்கறாங்க..."

இந்தக் கேள்வியைக் கேட்க வீட்டுக்காரருக்கு என்ன உரிமை? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

கஞ்சா மருந்தும் வாடகை வீடும்

முதலில் கொஞ்சம் அமெரிக்கா. கலிஃபோர்னியாவில் 1996-இல் மக்கள் ஓட்டுப் போட்டு, டாக்டர் சொன்னால் நோயாளி கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்தலாம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். கேன்சர், எய்ட்ஸ் நோயாளிகளின் குமட்டலுக்கும் வலிக்கும் அது உதவியது. ஆனால் 1970-ஆம் ஆண்டின் மத்திய சட்டம் கஞ்சாவை ஆகக் கடுமையான பட்டியலில் வைத்திருந்தது. 1998-இல் வந்த இன்னொரு மத்திய சட்டம், அரசு உதவி பெறும் வீடுகளில் அந்தப் பட்டியலில் உள்ள பொருளைப் பயன்படுத்துபவருக்கு இடம் தரக்கூடாது என்றது. 2011-இல் வீட்டுவசதித் துறை ஒரு குறிப்பே அனுப்பியது: மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் புதிதாக விண்ணப்பிப்பவருக்கு வீடு கிடையாது! அதாவது டாக்டர் சீட்டு மருந்துக்கடை வரைக்கும் செல்லும், வீட்டு வாசலில் செல்லாது. அரிசோனா மாநிலமோ 2010-இல் தன் மருத்துவக் கஞ்சா சட்டத்திலேயே, ஒருவர் பதிவு பெற்ற நோயாளி என்பதற்காக மட்டும் வீடு மறுக்கக்கூடாது என்று சேர்த்தது. மத்திய அரசின் பணத்தை இழக்கும் நிலை வந்தால் மட்டும் வீட்டுக்காரருக்கு விலக்கு.

"அது அமெரிக்கா, இங்கே எதுக்கு?" என்று கேட்கலாம். இங்கேயும் அந்த மருந்து உண்டு என்பதுதான் வேடிக்கை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளை. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேரும் நச்சுப் பொருட்களுக்கு மருந்து விதிகளில் தனிப் பட்டியல் உண்டு, அதில் கஞ்சாவும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள பொருள் சேர்ந்த மருந்தின் லேபிளில், மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று எச்சரிக்கை போட வேண்டும். சட்டத்தின் கண்ணில் அது மருந்து. சித்த மருத்துவத்துக்கான தேசிய நிறுவனம் 2005-இல் திறக்கப்பட்டதும் ஊரப்பாக்கத்திலிருந்து சில ஸ்டேஷன் தள்ளி, தாம்பரம் சானடோரியத்தில்தான்.

ஆனால் அப்படி ஒரு மருந்துப் புட்டியை ஹவுஸ் ஓனர் பார்த்துவிட்டால்? லேபிளையா படிப்பார்? "கஞ்சா கேஸு" என்று தெருவே பேசும். மார்ஃபினும் அப்படித்தான். கேன்சர் நோயாளியின் வலிக்கு அதை எளிதாகக் கிடைக்கச் செய்யவே 2014-இல் நாடாளுமன்றம் அதே போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியது. சட்டம் மாறி வருஷங்கள் ஓடிவிட்டன. மாடி வீட்டு ஆன்ட்டியின் மனசு மாறவில்லை.

ஓனர்கள் பக்கம் ஒரு நியாயமான பயமும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. அந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, தன் வீட்டில் போதைக் குற்றம் நடக்கத் தெரிந்தே இடம் கொடுத்தால் வீட்டுக்குப் பொறுப்பானவருக்கும் தண்டனை என்கிறது. ஆனால் கவனிக்க வேண்டிய வார்த்தைகள் இரண்டு: 'தெரிந்தே', 'குற்றம்'. டாக்டர் சீட்டோடு முறையாக வாங்கிய மருந்தைச் சாப்பிடுவது குற்றமே இல்லை. குற்றமில்லாத இடத்தில் ஓனர் எப்படி மாட்டுவார்?

ஒரே தண்டவாளம்

கஞ்சா மருந்து சாப்பிடுபவர்கள் இங்கே கொஞ்சம் பேர். அதே கதவில் முட்டி நிற்கும் மற்றவர்கள் ஏராளம். பீச்சிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் பாதையைப் பாருங்கள். சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். தாம்பரம் சானடோரியத்தில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. கடைசியில் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஊரே பயந்து ஒதுக்கிய மூன்று நோய்களுக்கு, டி.பி., எச்.ஐ.வி., தொழுநோய் என்று, இந்த ஒரே தண்டவாளத்தை ஒட்டித்தான் வைத்தியம் நடக்கிறது. மருந்துக்காக வருபவர்கள் வாடகை குறைவாக இருக்கும் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் வீடு தேடாமல் வேறு எங்கே தேடுவார்கள்?

சானடோரியம் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியின் பெயரையே ஸ்டேஷனுக்கு வைத்த ஊர் இது. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கினார், 1937-இல் அரசு ஏற்றுக்கொண்டது. டி.பி. என்றால் வீட்டை விட்டுக் கிளம்பி, காற்றோட்டமான இடத்தில் மாசக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும் என்பதுதான் அன்றைய வைத்தியம். அப்போது மருந்தே இல்லை.

அந்த நம்பிக்கையை உடைத்தது எது? லண்டன் இல்லை, நியூயார்க் இல்லை. இதே மெட்ராஸ்! 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒரு சோதனை நடத்தியது. ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, மருந்து. இன்னொரு பிரிவு தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே, குடும்பத்தோடு, அதே மருந்துகளைச் சாப்பிட்டது. 1959-இல் முடிவு வந்தது. குணமாவதில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிட முக்கியம், வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் தொற்றுவதிலும் கூடுதல் ஆபத்து இல்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கும் முன்பே தொற்றிவிடுகிறது, மருந்து ஆரம்பித்ததும் அந்த வேகம் விழுந்துவிடுகிறது. இதற்குப் பிறகு உலகில் பல சானடோரியங்கள் மூடப்பட்டன.

டி.பி. நோயாளி வீட்டிலேயே இருந்து குணமாகலாம் என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த ஊர் மெட்ராஸ். அதே ஊரில் டி.பி. நோயாளிக்கு வீடு இல்லை. இதைவிட வெட்கக்கேடு வேறு என்ன?

ஓனர் சொல்லும் காரணங்கள்

1) "தொத்திக்கும் சார்."

எச்.ஐ.வி. ஒரே வீட்டில் இருப்பதாலோ, ஒரே பாத்ரூமைப் பயன்படுத்துவதாலோ தொற்றாது. டி.பி. காற்றில் தொற்றும், உண்மைதான். ஆனால் ஆபத்தானவர் யார்? மாத்திரை டப்பாவோடு வந்து உண்மையைச் சொல்பவரா? மாசக்கணக்கில் இருமிக்கொண்டு, டெஸ்ட்டே எடுக்காமல், "சும்மா சளிதான்" என்று சொல்லும் ஆளா? கேள்வி கேட்டு வடிகட்டும் ஓனர் முன்னவரைத் துரத்திவிட்டுப் பின்னவருக்குச் சாவியைக் கொடுக்கிறார். இந்தக் கேள்வி நோயை வடிகட்டுவதில்லை. உண்மையைத்தான் வடிகட்டுகிறது.

விரட்டுவதால் இன்னொரு கேடு. சாதாரண டி.பி.க்கு ஆறு மாசம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். நடுவில் வீடு மாறி, சென்டர் மாறி, மருந்து விட்டுப்போனால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். அந்தக் கிருமிக்கு ஓனர் வீடு, வாடகை வீடு என்ற வித்தியாசம் தெரியாது.

2) "வீட்ல ஏதாவது ஆயிட்டா?"

பலர் வாய்விட்டுச் சொல்லாத பயம் இதுதான். வாடகை வீட்டில் சாவு விழக்கூடாது. ஆஸ்பத்திரியில் இறந்தவரின் உடலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று கண்டிஷன் போடும் ஓனர்கள் சென்னையில் உண்டு. வாசலில் பந்தல் போட முடியாமல் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குப் போகும் குடும்பங்களும் உண்டு. சாவு வராத வீடு என்று ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறதா? சொந்த வீட்டுக்காரருக்கு மட்டும் எமன் சலுகை கொடுத்திருக்கிறானா?

3) "என் வீடு, என் இஷ்டம்."

வலுவான வாதம் இதுதான். அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடை, ஓட்டல் போன்ற பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுக்கிறது, தனியார் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. 2005-இல் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், தங்கள் மதத்தவருக்கு மட்டுமே இடம் என்ற விதியை உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 'என் இஷ்டம்' என்பதற்கு இந்த நாட்டில் எல்லை போட்டே இருக்கிறார்கள். அதுவும் ஒரு நோயின் பெயரிலேயே.

ஒரு நோய்க்கு மட்டும் சட்டம்

2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம். அதன் 3-ஆம் பிரிவு, எச்.ஐ.வி. உள்ளவருக்கு வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ குடியிருக்கவோ உள்ள உரிமையை மறுப்பது பாகுபாடு என்று தெளிவாகச் சொல்கிறது. அரசு அலுவலகம் மட்டுமில்லை, தனி ஆளுக்கும் இது பொருந்தும். கூடக் குடியிருப்பவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, கோர்ட் உத்தரவு இருந்தால் தவிர. புகார் கேட்க மாநில அரசு குறைதீர்ப்பாளரை நியமிக்க வேண்டும், அவர் உத்தரவை மீறினால் அபராதம்.

ஆக, நோயைக் காரணம் காட்டி வீடு மறுப்பது தப்பு என்று நாடாளுமன்றம் ஒத்துக்கொண்டாகிவிட்டது. எச்.ஐ.வி. இருப்பவருக்கு உள்ள இந்தத் தெளிவான வரி, பக்கத்து வார்டில் டி.பி.யோடு படுத்திருப்பவருக்கு ஏன் இல்லை? மார்ஃபின் சாப்பிடும் கேன்சர் நோயாளிக்கு ஏன் இல்லை? 2017-இன் மனநலச் சட்டம், மனநோய் உள்ளவருக்குச் சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமை உண்டு என்கிறது. நல்லது. ஆனால் சமூகம் குடியிருப்பது வாடகை வீட்டில்தானே? அந்தக் கதவைத் திறக்க எந்தப் பிரிவு உதவும்?

தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2017-இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் போடச் சொல்கிறது, பதிவு செய்யச் சொல்கிறது. வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாச வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. (பத்து மாச அட்வான்ஸ் கேட்கும் ஓனர்கள் சிரிப்பது காதில் விழுகிறது.) தண்ணியையும் கரண்டையும் நிறுத்தக்கூடாது என்கிறது. ஆனால் வீடு தர மறுக்கும் காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்திலும் இல்லை. பதினொரு மாச அக்ரிமெண்ட் முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டால் போதும், காரணமே சொல்ல வேண்டாம்.

மனசு வைத்தால் அரசு எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு 2020 சாட்சி. கொரோனா வார்டில் வேலை பார்த்த டாக்டர்களையும் நர்சுகளையும் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். ஏப்ரல் 22-ஆம் தேதி அவசரச் சட்டமே வந்துவிட்டது. மருத்துவ ஊழியர்களின் குடியிருப்பைப் பாதிக்கும் தொந்தரவும் குற்றம் ஆனது. மிகச் சரியான சட்டம். ஆனால் பாதுகாப்பு வைத்தியம் பார்ப்பவருக்கு மட்டும்தான். வைத்தியம் பார்த்துக்கொள்பவர் அதில் இல்லை.

செய்ய வேண்டியது

பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. வாடகைச் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். நோயையோ, டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தையோ காரணம் காட்டி வீடு மறுக்கக்கூடாது, காலி பண்ணச் சொல்லக்கூடாது, அதைப் பற்றிக் கேட்கவும் கூடாது. புகாரைக் கேட்க அதே சட்டத்தின் வாடகை அதிகாரி ஏற்கெனவே இருக்கிறார். வாசகத்தைப் புதிதாக யோசிக்கவும் வேண்டாம், எச்.ஐ.வி. சட்டத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

டி.பி. நோயாளிக்கு மாசம் 500 ரூபாயாக இருந்த சத்துணவு உதவியை 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கியிருக்கிறார்கள். சந்தோஷம். அந்த ஆயிரம் ரூபாயில் முட்டையும் பருப்பும் வாங்கி வந்து சமைக்க ஓர் அடுப்பு வேண்டும். அடுப்பை வைக்க ஒரு வீடு வேண்டும்.