ஆசிரியராகப் போகிறவருக்கு ஆங்கிலம் கற்பிப்பது யார்?

தேசியக் கல்விக் கொள்கை 2020 வெளிவந்தது முதல் ‘அடிப்படை எழுத்தறிவு’ என்னும் தொடர் கல்விப்புலத்தில் மிகுதியாகப் புழங்கிவருகிறது. 2021 ஜூலையில் தொடங்கப்பட்ட நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும், எழுதவும், எளிய கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்ற நிலையை 2026-27க்குள் எட்டுவதாக உறுதி கூறியது. இந்த இலக்குகள் யாவும் குழந்தையை நோக்கியவை. அக்குழந்தையின் முன் நிற்கப்போகிற இளைஞரின் எழுத்தறிவு எந்நிலையில் இருக்கிறது, குறிப்பாக ஆங்கிலத்தில் எந்நிலையில் இருக்கிறது என்ற கேள்வியோ அரிதாகவே எழுப்பப்படுகிறது.

ஊரக இந்தியாவில் நடத்தப்பட்ட அசர் 2022 ஆய்வின்படி, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்கக்கூடியவர்கள் 24.5 விழுக்காட்டினர், எட்டாம் வகுப்பில் 46.7 விழுக்காட்டினர். வறுமை, வீட்டில் ஆங்கிலம் ஒலிக்காமை, ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்க வேண்டிய நிலை எனக் காரணங்கள் பல. ஆயினும் இந்த எண்ணிக்கைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. எட்டாம் வகுப்பில் வாக்கியத்தைப் படிக்க இயலாத மாணவருள் சிலர் அடுத்த சில ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேர்வார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அவர்களே முதல் வகுப்பில் ஆங்கில நூலைத் திறப்பார்கள். கற்காமல் விடப்பட்டவரே கற்பிக்க அனுப்பப்படுகிறார்.

இந்தச் சுழற்சியை மேற்கு வங்கத்தின் அனுபவம் தெளிவாக உணர்த்துகிறது. 1980களின் தொடக்கத்தில் அங்குள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளிலிருந்து ஆங்கிலம் விலக்கப்பட்டு, ஆறாம் வகுப்பிலிருந்தே கற்பிக்கப்படலாயிற்று. தாய்மொழிவழித் தொடக்கக் கல்வி என்ற கொள்கைக்குக் கல்வியியல் சார்ந்த நியாயம் உண்டு. பின்னர் எழுந்த கடும் எதிர்ப்பினால் ஆங்கிலம் படிப்படியாகத் திரும்பி, 2004இல் முதல் வகுப்பை அடைந்தது. 1984இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைக்கு 2004இல் ஏறத்தாழ இருபத்தாறு வயது. ஆசிரியப் பணியில் சேரும் வயது. ஆறாம் வகுப்பில் ஆங்கில அரிச்சுவடியைக் கண்டவரிடம், ஆறு வயதுக் குழந்தைக்கு அதைக் கற்பிக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. பாடநூலை ஓராண்டில் மாற்றிவிடலாம். ஆசிரியரின் மொழியை அரசாணையால் மாற்ற இயலாது.

இந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய இடம் ஆசிரியர் கல்வி. பல மாநிலங்களின் பாடத்திட்டங்களில் ஆங்கிலத் திறனுக்கென ஒரு தாள் இருக்கவே செய்கிறது. நடைமுறையில் அதுவும் வழிகாட்டி நூலிலிருந்து மனப்பாடம் செய்து எழுதும் தாளாகச் சுருங்கிவிடுகிறது. இலக்கண மொழிபெயர்ப்பு முறைக்கும் நேரடி முறைக்கும் உள்ள ஐந்து வேறுபாடுகளைப் பிழையின்றி எழுதும் மாணவர், குழந்தைகளுக்கான பத்துப் பக்க ஆங்கிலக் கதையொன்றை உரக்கப் படிக்கத் தயங்குகிறார். ஆங்கிலத்தைப் பற்றிக் கற்றவர் அவர். ஆங்கிலத்தைக் கற்க அவருக்கு வாய்ப்பு அளிக்கப்படவில்லை.

தகுதித் தேர்வும் இக்குறையைக் காட்டித் தருவதில்லை. 2011இல் தொடங்கிய மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வில், தொடக்க நிலைக்குரிய முதல் தாள் 150 கொள்குறி வினாக்களால் ஆனது. இருபது மொழிகளுள் இரண்டைத் தேர்வர் தெரிவுசெய்கிறார். ஆங்கிலம் அவற்றுள் ஒன்று, அவ்வளவே. இந்தியையும் சமஸ்கிருதத்தையும் தெரிவுசெய்து, ஓர் ஆங்கில வாக்கியமேனும் எழுதாமல் அத்தேர்வில் ஒருவர் தகுதிபெற முடியும். ஆங்கிலத்தைத் தெரிவுசெய்தவரும் விடைகளைக் குறித்தால் போதும். பேசவோ ஒரு பத்தி எழுதவோ வேண்டியதில்லை. அதன்பின் தொடக்கப்பள்ளியில் பிற பாடங்களோடு ஆங்கிலமும் அவர் பொறுப்பில் வந்துசேரலாம்.

அடிப்படை ஆங்கில எழுத்தறிவு என்பது சரளமான பேச்சோ அயல்நாட்டு உச்சரிப்போ அன்று. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை அறிதல், படித்ததன் பொருளைத் தன் சொற்களில் கூறுதல், தொடர்புடைய ஐந்தாறு வாக்கியங்களை எழுதித் தானே திருத்துதல், குழந்தையின் கேள்விக்கு எளிய வாக்கியத்தில் விடையளித்தல் ஆகிய நான்குமே அதன் கூறுகள். இவற்றுள் முதலாவது பெரிதும் புறக்கணிக்கப்படுகிறது. தேவநாகரியிலும் வங்க எழுத்திலும் எழுத்தின் பெயரே பெரும்பாலும் அதன் ஒலி. ஆங்கிலத்தில் அவ்வாறில்லை. 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. ‘ஆப்பிள்’, ‘கேக்’, ‘வாட்ச்’, ‘அபவுட்’ என்னும் நான்கு சொற்களிலும் ‘ஏ’ என்ற ஒரே எழுத்து நான்கு விதமாக ஒலிக்கிறது. ‘எச்’, ‘டபிள்யூ’ ஆகியவற்றின் பெயர்களில் அவ்வெழுத்துகளின் ஒலியே இல்லை. இதனை அறியாத ஆசிரியர் எழுத்துகளின் பெயர்களைக் கூட்டாக ஒப்பிக்கச் செய்கிறார். குழந்தை சொல்லை மனப்பாடம் செய்கிறது. புதிய சொல் வந்ததும் திகைத்து நிற்கிறது.

தாய்மொழி அறிவு இங்கே தடையாகாது, கருவியாகும். உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் ‘ஸ்கூல்’ பலர் வாயில் ‘இஸ்கூல்’ ஆகிறது. பஞ்சாபியில் ‘சகூல்’ ஆகிறது. சொல்லின் தொடக்கத்தில் இரு மெய்கள் இணைவதை அவர்களின் பேச்சுமொழி இரண்டு விதமாகத் தளர்த்துகிறது. இதைப் புரிந்துகொண்ட ஆசிரியர் குழந்தையை ஏளனம் செய்யமாட்டார். ஒலியை எங்கே பிரிக்க வேண்டும், எங்கே சேர்க்க வேண்டும் என்று காட்டுவார்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். தொடக்க நிலையில் தாய்மொழிக்கே முதலிடம் வேண்டும் என்பது ஒன்று. அது முற்றிலும் சரி. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் ஆங்கிலம் முதல் வகுப்பிலேயே ஒரு பாடமாக இருக்கிறது. இருக்கும் பாடத்தை அரைகுறையாகக் கற்பிப்பதால் தாய்மொழிக்கு எந்த நன்மையும் விளைவதில்லை. பெற்றோர் கட்டணப் பள்ளிகளை நாடுவதே விளைகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவருக்கு மீண்டும் அரிச்சுவடியா, அது அவமதிப்பாகாதா என்பது மற்றொன்று. குறையை மறைத்து அவரை வகுப்பறைக்கு அனுப்புவதே அவமதிப்பு. நாற்பது குழந்தைகளின் முன்னால் ஒவ்வொரு நாளும் அஞ்சி நிற்கும் நிலைக்கு அவரைத் தள்ளுவது அதுவே.

செய்ய வேண்டியவை அரியன அல்ல. சேர்க்கையின்போது, மதிப்பெண் நோக்கமின்றி, ஒவ்வொரு மாணவரின் வாசிப்பும் எழுத்தும் கண்டறியப்பட வேண்டும். முதலாண்டு முழுவதும் நாள்தோறும் ஒரு மணி நேரம் சிறு குழுக்களில் வாசிப்பும் எழுத்தும் நடைபெற வேண்டும். குழந்தை நூல்களே அதற்குப் பாடநூல்களாகலாம். முதலாண்டின் முடிவில், கதையொன்றை உரக்கப் படித்து, அதுகுறித்துக் குழந்தைகளிடம் ஐந்து கேள்விகள் கேட்டு, ஒரு பத்தி எழுதிக் காட்டுவதே தேர்வாக அமையலாம். கற்பித்தல் முறைகள் பற்றிய தாள் அதன்பின் வரட்டும். அப்போதுதான் அது பொருள்படும். இவையெல்லாம் ஆசிரியப் பயிற்றுநரின் ஆங்கிலத்தையும் சோதிக்கும் என்பதை ஏற்கும் நேர்மையும் நிறுவனங்களுக்கு வேண்டும்.

தேசியக் கல்விக் கொள்கை 2030க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வியைக் குறைந்தபட்சத் தகுதியாக்க முனைகிறது. 2023-24இல் அதற்கான படிப்புகள் முன்னோட்டமாகத் தொடங்கின. பாடத்திட்டங்கள் புதிதாக எழுதப்படும் காலம் இது. நான்கு ஆண்டுகளில் ஒன்றையேனும் மாணவரின் சொந்த வாசிப்புக்கும் எழுத்துக்கும் ஒதுக்க இப்போது முடியும். இந்த வாய்ப்பைத் தவறவிட்டால், இன்று மூன்றாம் வகுப்பில் திகைத்து நிற்கும் குழந்தை, பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே வகுப்பறைக்கு ஆசிரியராகத் திரும்பி வரும்போதும் அதே திகைப்புடனேயே வரும்.