கடைசி அத்தியாயம் வரை
காதல் நாவல் எழுதத் தொடங்குகிறவர்கள் ஏராளம், முடிப்பவர்கள் கொஞ்சம்தான். நாயகனும் நாயகியும் மழையில் சந்திக்கும் முதல் அத்தியாயத்தைப் பத்து முறை திருத்துவார்கள்; இருவரும் பிரிந்து நிற்கும் பதினைந்தாவது அத்தியாயத்தில் பேனா நின்றுவிடும். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்கள் சங்கம் நடத்திவந்த ‘கோல்டன் ஹார்ட்’ போட்டி அங்கேதான் கைகொடுத்தது. அச்சேறாத நாவல்களுக்கான போட்டி. ஆனால் கதையை முழுதாக முடித்திருக்க வேண்டும். கெடு நெருங்கினால்தான் பலருக்குக் கடைசி வரி எழுத வரும். பரிசைவிட அதையே பெரிதாக நினைக்கிறேன். 2019-ஓடு அந்தப் போட்டியை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது தவறு. வெளிவந்த புத்தகத்துக்கு வாசகர் கிடைப்பார்; மேசை இழுப்பறையில் கிடக்கும் கைப்பிரதியை முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து படிப்பது அரிது. இப்படியொரு போட்டி எங்கே அறிவித்தாலும் தயங்காமல் அனுப்புங்கள். அதற்குமுன் கதையை முடித்துவிடுங்கள்.