விலகும் தோளும் விலகாத வேலைகளும்



எனது வலது தோள்மூட்டு முதன்முதலில் விலகியது 2009இல், இடப்பெயர்வின்போது. பதுங்குகுழிக்குள் இறங்கும்போது சறுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். வைத்தியர் ஒருவர் அதைப் பொருத்திவிட்டார். ஆனால் அதன்பின் பல தடவைகள் விலகிவிட்டது. ஒருமுறை கொடியில் ஈரச்சேலை போடும்போது, இன்னொருமுறை பஸ்ஸில் மேற்கம்பியைப் பிடித்து நிற்கையில் சாரதி திடீரென பிரேக் போட்டபோது.

கால் இழந்தவர்களும், உடம்பில் ஷெல் துண்டுகளோடு வாழ்பவர்களும் உள்ள ஊரில், "எனக்குத் தோள் நோகுது" என்று சொல்ல வாய் கூசும். வெளியே காயமும் தெரியாது. "வேலைக்குக் கள்ளம்" என்ற கதையும் வரும். ஆனால் மற்றவரின் பெரிய காயத்தைப் பார்த்து எங்கள் காயம் ஆறிவிடுவதில்லை.

உடம்பிலேயே அதிகம் அசையக்கூடிய மூட்டு தோள்மூட்டுத்தான். கை எலும்பின் உருண்டைத் தலை பெரியது, அது இருக்கும் குழியோ ஆழமற்றது. சுற்றியுள்ள சவ்வுகளும் தசைகளுமே அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒருமுறை விலகும்போது சவ்வு கிழியலாம், தளரலாம். இளவயதில் விலகியவர்களுக்குத் திரும்பவும் விலகும் வாய்ப்பு அதிகம். அடிக்கடி விலகினால் எலும்பின் விளிம்பும் தேயும். ஆகவே இது ராசியும் அல்ல, சோம்பலும் அல்ல.

விலகினால் எவரையும் கையை இழுக்க விடாதீர்கள். எலும்பு முறிந்திருந்தால் நரம்பும் இரத்தக்குழாயும் சேதமடையலாம். நோகாத நிலையில் கையைச் சேலைத்துண்டால் கழுத்தோடு தூக்கிக் கட்டி, வைத்தியசாலைக்குப் போங்கள். மயக்கமருந்து தேவைப்படலாம் என்பதால் எதுவும் சாப்பிட வேண்டாம். விரல்கள் குளிர்ந்தாலோ, மேற்கையின் வெளிப்புறம் விறைத்தாலோ உடனே சொல்லுங்கள்.

ஆறியபின் செய்யும் பயிற்சிதான் முக்கியம். அரசாங்க வைத்தியசாலைகளின் இயன்மருத்துவப் பிரிவில் இதை இலவசமாகச் சொல்லித்தருவார்கள். எனக்குத் தந்த பயிற்சி இது: முழங்கையை மடித்து விலாவோடு சேர்த்து வைத்து, உள்ளங்கையால் கதவுநிலையை 5 விநாடி அழுத்த வேண்டும். இப்படி 10 தடவை. வைத்தியர் அனுமதித்த பின்பே தொடங்குங்கள். இதற்குப் பிறகும் விலகிக்கொண்டிருந்தால் சத்திரசிகிச்சையும் உண்டு.

வீட்டில் சில மாற்றங்கள் செய்தேன். கொடியை நெஞ்சளவுக்கு இறக்கிக் கட்டினேன். அரிசி, மிளகாய்த்தூள் பேணிகளை இடுப்பளவுத் தட்டில் வைத்தேன். கிணற்றில் அரை வாளித் தண்ணீர்தான் அள்ளுகிறேன். பஸ்ஸில் ஆசனக் கம்பியைப் பிடிக்கிறேன். கையை உயர்த்தித் தலைக்குப் பின்னால் கொண்டுபோவதுதான் பெரிய ஆபத்து. அதனால் கொண்டை போடுவதில்லை, தலைமயிரை முன்னால் எடுத்துப் பின்னிக்கொள்கிறேன்.

குடும்பத்தைத் தனியே சுமப்பவளுக்குக் கைதான் முதல். உங்களுக்கும் இப்படி ஒரு மூட்டு இருந்தால், அது எப்போது, என்ன வேலை செய்கையில், எத்தனை தடவை விலகியது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த கிளினிக் நாளில் அதை வைத்தியரிடம் காட்டுங்கள்.