வாசற்படியில் விட்டுப்போன வெல்டிங்

சாம்பார்ப் பொடி பக்குவம் எழுதுகிறவளுக்குக் கார்ப் பட்டறையில் என்ன வேலை என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே! என் மாமனார் 1988-ல் வாங்கிய அம்பாசிடர் இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. 2014-ல் அந்தக் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் விற்க எங்களுக்கு மனசு வரவில்லை.

போன மழைக்காலத்தில் பின் கதவு சாத்த மாட்டேன் என்றது. கீல் தேய்ந்திருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். நான் மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். கதவுக்குக் கீழே வாசற்படி மாதிரி ஓடுகிற தகடு, தரைத் தகட்டோடு சேருகிற இடத்தில் வெல்டிங் விட்டு, விரல் நுழைகிற சந்து! மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பட்டறையில் காசு வாங்கிக்கொண்டு பற்றவைத்த அதே இடம்.

இந்தக் காருக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது. தரை, வாசற்படி, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பொட்டு வைத்தாற்போல் இடம் விட்டு இடம் ஸ்பாட் வெல்டிங் செய்திருப்பார்கள். ஈரம் அந்த இடுக்கில் இறங்கினால் துருதான். துரு இரும்பைவிட அதிக இடம் அடைக்கும். உள்ளேயே உப்பித் தகடுகளைப் பிரித்துவிடும். அதன் மேலேயே மறுபடி பற்றவைத்தால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? இற்றுப்போன புடவையில் தையல் போட்டால் பக்கத்திலேயே கிழியவில்லையா, அதே கதை.

இந்தத் தடவை வேறு டிங்கர் அண்ணனிடம் கொடுத்தோம். பாட்டரி வயரைக் கழற்றி, சீட்டு, விரிப்பு எல்லாவற்றையும் வெளியே போட்டார். திருப்புளியால் குத்திக்கொண்டே போனார். 'டங்'கென்றால் நல்ல தகடு, பொதுக்கென்று உள்ளே போனால் வெட்ட வேண்டியது. விரலளவு என்று நினைத்தது முழ நீளமாயிற்று! வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலின் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியை முட்டுக் கொடுத்தார். அது இல்லாவிட்டால் வண்டி தொய்ந்து, அப்புறம் எந்தக் கதவும் பொருந்தாதாம்.

நல்ல இரும்பு பளபளவென்று தெரியும்வரை தேய்த்த பிறகுதான் புதுத் தகடு. மேல் தகட்டில் வரிசையாகத் துளை போட்டு, அதன் வழியாக CO2 வெல்டிங்கால் நிரப்பினார். ஒரே மூச்சில் இழுக்கவில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், நடுவே ஆறவிட்டு. இல்லாவிட்டால் சூட்டில் தகடு அப்பளம் மாதிரி வளைந்துவிடும். கடைசியில் பிரைமர், இடுக்குகளில் சீலண்ட். அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைக்க மட்டும் விடாதீர்கள். பட்டி பார்வைக்குத்தான், பாரம் தாங்காது. 'பட்டி போட்டுப் பெயின்ட் அடித்துத் தருகிறேன், பாதிச் செலவுதான்' என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள்.

வீட்டு வாசலில் வேலை நடந்தால் குழந்தைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். அந்த வெளிச்சம் பட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும், தண்ணீராய்க் கொட்டும். தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வை என்று பக்கத்து வீட்டில் வைத்தியம் சொல்வார்கள். கண்ணுக்குள் எதையும் விடாமல், கசக்காமல், கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.