நம் சமையலறைக்கு மீசோ வரலாமா?

சென்ற பள்ளி விடுமுறையில் அக்காள் மலாக்கா நகரிலிருந்து ஒரு பொட்டலம் மீசோ வாங்கி வந்தார். பாட்டி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "மீன் குழம்பே வைக்கத் தெரியாத பிள்ளைக்கு ஜப்பான் மீன் எதுக்குமா?" என்று கேட்டார். ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர் அவர். அவருடைய கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. அயல்நாட்டு உணவு உள்ளே வந்தால் நம் உணவு வெளியேறிவிடுமோ என்ற அச்சம் அதில் இருக்கிறது. அவ்வாறு வெளியேறாது என்பதே என் கருத்து.

வேகவைத்து மசித்த சோயா அவரையுடன் உப்பையும், கோஜி எனும் பூஞ்சை வளர்த்த அரிசி அல்லது வாற்கோதுமையையும் சேர்த்து நொதிக்க வைத்த விழுதே மீசோ. நொதிக்க வைத்தல் நமக்குப் புதிதன்று. இட்லி மாவைப் புளிக்க வைக்கிறோம். சீனர் சமையலில் தௌச்சு உண்டு. மலாக்காவின் சிஞ்சாலோக்கும் கெராகாவ் எனும் சிற்றிறாலை உப்பும் சோறும் சேர்த்து நொதிக்க வைத்ததுதான்.

சமைக்கும் முறையும் எளிது. மீன் துண்டுகளில் சிறிது உப்புத் தூவிக் கால் மணி நேரம் வைத்து, கசியும் நீரைத் துடைக்க வேண்டும். மீசோவைச் சிறிது சீனியும் நீரும் விட்டுக் குழைத்து மீனில் தடவி, ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் ஊறவிட வேண்டும். மறுநாள் விழுதை வழித்தெடுத்துவிட்டு மிதமான தீயில் சுட வேண்டும். வழிக்காவிட்டால் எளிதில் கருகிவிடும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி ஊறவைத்துப் பொரிக்கும் பாட்டிக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

அந்த மிளகாயும் நம் முன்னோர் அறியாததே. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அது, போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. இன்று மிளகாய் இல்லாத மீன் குழம்பை நாம் நினைத்துப் பார்ப்பதுண்டா?

இதைவிட நெருக்கமான சான்று காஜா பேராங்கில் உள்ள கம்போங் செட்டியில் இருக்கிறது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்த தமிழரின் வழித்தோன்றல்கள் மலாக்கா செட்டிகள். அவர்கள் சமையலில் பெலாச்சானும் தேங்காய்ப்பாலும் மணக்கின்றன. ஆயினும் பொங்கலும் முன்னோர் படையலும் அவர்களை விட்டுப் போகவில்லை. ஆனால், வீட்டுமொழி மலாய் ஆகிவிட்டது. பெலாச்சான் வந்ததால் தமிழ் போய்விடவில்லை. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவை நிலைத்தன, கற்றுக்கொடுக்காதவை மறைந்தன.

எனவே, நாம் அஞ்ச வேண்டியது மீசோவுக்கு அன்று. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்தபோது பல வீடுகளில் அம்மி பின்தங்கிவிட்டது. பாட்டியின் கைப்பக்குவமும் அவ்வாறே பின்தங்கிவிடக் கூடாது. அதைக் கேட்டு எழுதிவைப்போர் நம்மில் எத்தனை பேர்? சமையல் பெண்களுக்கு மட்டுமே உரியது என்று ஆண்பிள்ளைகள் ஒதுங்குவதும் சரியன்று.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. மீசோவில் உப்பு மிகுதி. பெரியவர்கள் ஒரு நாளில் 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவு. மீசோ மீன் உண்ணும் நாளில் கருவாட்டையும் ஊறுகாயையும் தவிர்ப்பது நல்லது.

அக்காள் சுட்ட மீனைப் பாட்டி உண்டார். "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் புளி இருந்திருக்கலாம்" என்றார். அடுத்த வாரம் பாட்டி மீன் குழம்பு வைக்கிறார். அக்காளும் நானும் குறிப்பேட்டுடன் அருகில் நிற்போம். புதியதை வரவேற்கும் வீடு, பழையதைக் கற்கவும் நேரம் ஒதுக்க வேண்டும்.